குப்பையில் கிடைக்காத முகம்

நான் படம் பார்க்க உட்கார்ந்தால் பக்கத்தில் யாரும் தங்க மாட்டார்கள். என் வாய் சும்மா இருக்காது. இவனுக்குச் சண்டை வருகிறது, காதல் வரவில்லை. அவள் அழும்போது மூக்கு மட்டும்தான் சிவக்கிறது. இந்த மீசைக்காரருக்கு எந்தப் புண்ணியவான் விருது கொடுத்தான் என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரர் சூர்யபிரகாஷ் பாதியில் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டு சித்திகா மட்டும்தான் எனக்குச் சரிக்குச் சரி மல்லுக்கு நிற்பவள். விருதுநகரில் அவர்களுக்குப் பருப்பு மண்டி. மண்டிக்கு லோடு வந்து இறங்கினாலும் எட்டு மணி சீரியலை விட்டு அவள் நகர மாட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் சண்டை போடாத ஒரே ஆள் கமலவேணி. அந்த அம்மாள் கதாநாயகி இல்லை. சினிமாவில் அம்மா வேடம், இடைவேளைக்குள் செத்துப்போவார். சீரியலில் மருமகளிடம் தினமும் பேச்சு வாங்குவார். ஒரு படத்தில், சாப்பிட வருவான் என்று காத்திருக்கும்போது மகன் வெளியிலேயே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வான். அவர் பரிமாறிய தட்டை இன்னொரு தட்டால் மூடுவார், அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்து தியேட்டரே அடங்கிப்போயிற்று. மனுஷிக்கு இது எப்படி வருகிறது என்று நான் மலைத்துப் போனேன். அந்த வருஷம் விருது, படம் முழுக்கக் குடம் குடமாக அழுத வேறொருத்திக்குப் போனது. விழா முடிவதற்குள் டிவியை அணைத்துவிட்டேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

எங்களுக்கு அச்சங்குளத்தில் பட்டாசு கம்பெனி. பூச்சட்டிதான் பேர் வாங்கிக் கொடுத்த சரக்கு; வெளியூரில் அதைப் புஸ்வாணம் என்பார்கள். பெட்டியின் மேல் வருஷா வருஷம் ஒரு கதாநாயகி சிரிப்பாள். யார் முகம் என்று சித்திரையிலேயே என் மாமனார் சீனிவாசகம் முடிவு செய்து சிவகாசியில் அச்சுக்குக் கொடுத்துவிடுவார். அந்த வருஷம் நான் குறுக்கே புகுந்து, கமலவேணி முகத்தைப் போடச் சொன்னேன்.

மாமா சிரித்துவிட்டார். "தீவாளிக்கு யாரும்மா ஒரு அம்மா மூஞ்சியப் பாத்துப் பெட்டி வாங்குவா?" என்று கேட்டார்.

நான் விடவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் கம்பெனி விஷயத்தில் நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். சோறு போடும்போதும் பேசினேன், காபி கொடுக்கும்போதும் பேசினேன். கடைசியில் அலுத்துப்போய்ச் சரி என்றார், ஆனால் ஒரு கண்டிஷனோடு. சரக்கு போகவில்லையென்றால் இனி லேபிள் பக்கம் நான் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

அனுமதி கேட்க போன் போட்டபோது அந்த அம்மாளே எடுத்தார். டிவியில் கேட்கும் அதே குரல் என் காதுக்குள் 'சொல்லுங்க' என்றது. ஊரில் இருக்கும் நடிகர்களுக்கெல்லாம் மார்க் போடுகிறவள், என் பேரைச் சொல்லவே தடுமாறினேன். விஷயத்தைக் கேட்டு அவர் சிரித்தார். "தாராளமா போடுங்கம்மா. மறுநாள் தெருவுல மிதிபடப் போற பெட்டிதானே. சினிமாவுலயும் எனக்கு அதுதான் பழக்கம்" என்றார். அதில் வருத்தம் இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவர் சொன்னதை அப்படியே மாமாவிடம் சொன்னேன்.

சீசன் வந்தது. சரக்கு எல்லாக் கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை வைத்து மாமா எதையும் நம்ப மாட்டார். கடைக்காரன் விற்காத பெட்டியைத் தீபாவளி கழிந்துதான் திருப்பி அனுப்புவான். அதற்கு முன்னாலேயே அவருக்கு ஒரு பரீட்சை உண்டு. தீபாவளிக்கு மறுநாள் விடிந்ததும் கைத்தடியோடு கிளம்பி, தெருத் தெருவாகப் பட்டாசுக் குப்பையைக் கிளறிப் பார்ப்பார். யாருடைய பெட்டி அதிகம் கிழிந்து கிடக்கிறதோ அவனுக்குத்தான் அந்த வருஷம் வியாபாரம். போன வருஷம் எங்கள் கதாநாயகி தெருவெல்லாம் கிழிந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து, வாய் நிறையச் சிரித்து இட்லி சாப்பிட்டார்.

இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தெருவெல்லாம் சிவப்புக் காகிதம், கணுக்கால் வரை. அடுத்த கம்பெனிக்காரர்களின் கதாநாயகிகள் எல்லாம் கண்ணும் மூக்கும் கரிந்து கிடந்தார்கள். எரிந்து முடிந்த எங்கள் பூச்சட்டிகூட அங்கங்கே உருண்டு கிடந்தது. ஆனால் பெட்டி இல்லை. ஒரு கமலவேணிகூட இல்லை. மாமா கிளறக் கிளற நானும் குனிந்து தேடினேன். ஏதோ கடைக்காரன் பழைய சரக்கைப் பெட்டியில்லாமல் சில்லறையாகத் தள்ளிவிட்டிருக்கிறான், புதுப் பெட்டி அப்படியே கடையில் தூங்குகிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

"போதும்மா. வா, வீட்டுக்குப் போவம்" என்றார். திட்டியிருந்தால்கூட தேவலாம்.

எங்கள் வாசலுக்கு வந்தபோது சித்திகா கூப்பிட்டாள். அவள் மகள் சனாவும் பூச்சட்டி கொளுத்தினாளாம், மண்டித் தெருவே வெளிச்சமாம். நான் செத்த குரலில், அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டேன். சித்திகா உள்ளே போய் எடுத்து வந்தாள். மூடியில் கமலவேணி பளிச்சென்று இருந்தார். உள்ளே பட்டை, கிராம்பு, ஏலக்காய்.

"இந்த மூஞ்சியப் போயிக் குப்பையில போடச் சொல்றீகளாக்கா? எனக்கு மனசு வரல" என்றாள்.

மாமா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே ஊசி நூல் வைத்திருந்தார்கள். அதற்கடுத்த வீட்டில் மாத்திரை. தெருக்கோடி வீட்டில் ஒன்றுமே வைக்கவில்லை. வெறும் பெட்டியை டிவி மேல் நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு அந்த வீட்டு வள்ளித்தாய் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மேடையில் விருது கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்க மேசை இழுப்பறையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கொளுத்திய பூச்சட்டியின் பெட்டி உள்ளே இருந்தது. முந்தின ராத்திரியே அவர் தன் பேனாவையும் கண்ணாடிக் கூட்டையும் அதில் போட்டு வைத்திருக்கிறார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"அந்தம்மாவுக்குப் போனப் போடு. நானே பேசுறேன்" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். "அம்மா, நான் விருதுநகர்லயிருந்து சீனிவாசகம். விடிஞ்சதுலயிருந்து தெருத் தெருவாத் தேடிட்டு வாரேன். நீங்க எங்கனயும் மிதிபடலம்மா. எல்லார் வீட்டுக்குள்ளயும் இருக்கீக" என்றார்.

பிறகு ரிசீவரை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அம்மாள் அழுத ஒவ்வொரு அழுகையும் எனக்குத் தெரியும், எந்தப் படம் என்றுகூடச் சொல்லுவேன். இது எதிலும் வந்ததில்லை.