நேற்று மிதித்த வண்டி

அந்த வெள்ளி நிற வண்டியில் இன்று ஆக்ஸிலேட்டரை மிதித்தால் நாளை இதே நேரத்துக்குத்தான் வேகம் வரும் என்பதைப் பழைய கார் தரகர் ஒளிக்கவில்லை. பின்சீட்டில் சின்னக் கிழிசல் இருக்கிறது என்று சொன்ன அதே குரலில் இதையும் சொன்னார். தொண்ணூறுகளில் வந்த, காற்றை உறிஞ்சி எஞ்சினுக்கு வேகம் கூட்டும் டர்போ வண்டிகள் மிதித்தபின் ஒரு கணம் யோசித்துத்தான் பாயும். இதற்கு வயதாகிவிட்டதால் யோசனை ஒரு நாளாக நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

வண்டி வாங்க வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வியர்த்தது. ஊரில் அவர் பெயரே முன்ஜாக்கிரதை; மேகம் கறுக்கும் முன்பே குடை விரிக்கிற ஆள். அருகில் நின்ற மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. ஆஸ்பத்திரியோ மலைமேட்டின் உச்சியில். வலி எடுத்தபின் தாமதித்தால் இரண்டு உயிரில் ஒன்றுதான் மிஞ்சும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாதாரண வண்டிகள் அந்த மேட்டில் பாதியிலேயே நின்றுவிடும். புது டர்போ வாங்க வசதியில்லை. தரகரின் கொட்டகையில் மூன்று பழைய டர்போக்கள் இருந்தன. சிவப்பு வண்டி காற்றோடு சேர்த்து உள்ளே இருப்பவர்களின் குரலையும் உறிஞ்சிவிடும். "வலியில கத்தக்கூட விடாத வண்டி எனக்கெதுக்கு?" என்றாள் மனைவி. கறுப்பு வண்டி அம்பாகப் பாயும், ஆனால் உட்கார்ந்தவர்களைப் புறப்பட்ட இடத்திலேயே விட்டுவிட்டு அது மட்டும் போய்ச் சேரும்.

"வெள்ளிதாண்ணே உங்களுக்கு," என்றார் தரகர். "ஒரு நாள் முன்னாடியே கவலைப்படணும். அதுதான் உங்களுக்குக் கைவந்த கலையாச்சே! ஒண்ணு மட்டும், ஓடி நின்னதும் உடனே அணைச்சுடாதீங்க. மூச்சு வாங்க விடுங்க. இல்லேன்னா டர்போ கருகிடும்."

வலி எப்போது வரும் என்று தெரியாததால், வெள்ளி வண்டியை வாங்கிய முன்ஜாக்கிரதை எப்போதும் மிதித்தார். பல் துலக்கும் முன் மிதித்தார், சாப்பாட்டுக்கு நடுவே எழுந்து போய் மிதித்தார். மறுநாள் அந்தந்த நேரத்தில், சாவி போடாமலே வண்டி உறுமிக்கொண்டு முன்னால் எகிறியது. அதைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்த தூண் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அந்த உறுமலை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார். கடையிலோ முன்ஜாக்கிரதை வலது கண்ணாடியை இடது கண்ணுக்கு மாட்டத் தொடங்கினார்.

"ஒரு நாள், ஒரே ஒரு நாள் மனுஷனா இருங்க. நாளைக்கேவா பிள்ளை குதிச்சு வந்துடப் போகுது?" என்று மனைவி சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு அவரைக் கடைக்குத் துரத்தினாள். மறுநாள் மத்தியானம் வலி எடுத்தது.

சமதளத்தில் வண்டி நத்தையாக ஊர்ந்தது. மேட்டின் அடியில் இருமிக்கொண்டு நின்றேவிட்டது. அவள் உதடு வெளுத்திருந்தது. நேற்று யாருமே மிதிக்கவில்லையே என்ற நினைப்பு அவர் நெஞ்சில் கல்லாக இறங்கியது. "சாவிய ஏன் பிடுங்கின? இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

"கத்தாதீங்க. ஸ்டியரிங்கக் கெட்டியாப் பிடிங்க."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, வண்டி பாய்ந்ததில் இருவர் முதுகும் சீட்டில் போய் அறைந்தது. வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் பறந்தன. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "ஏன், நீங்க மட்டும்தான் பயப்படணுமா? நேத்து நீங்க கடையில இருந்தப்போ, இதே நேரத்துல நான்தான் கால் ஓயற வரைக்கும் மிதிச்சேன். கால் வீங்கியிருக்கு, பாருங்க."

அவர் கூடவே உள்ளே ஓடியிருக்க வேண்டும். ஆனால் தரகர் சொன்னது நினைவுக்கு வர, எஞ்சினை ஓடவிட்டு அதற்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து கதவைத் தட்டினாள்.

"பொண்ணு பொறந்தாச்சு! இங்க என்ன சார் பண்றீங்க?"

"மூச்சு வாங்க விடறேன், சிஸ்டர்."

"அங்க உங்க பொண்ணு அழவே மாட்டேங்குது!"

தாயும் பிள்ளையும் சுகமாகத்தான் இருந்தார்கள். மூச்சு சீராக இருந்தது, கண் விழித்திருந்தது. அழுகை மட்டும் இல்லை. டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டுக் கையைப் பிசைந்தார். மறுநாள், பிறந்த அதே நேரத்தில், ஜன்னல் அதிர வீறிட்டது குழந்தை.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். இன்று கிச்சுகிச்சு மூட்டினால் நாளைதான் சிரிப்பாள். அதனால் அப்பாவும் அம்மாவும் முந்தின நாளே மூட்டிவிடுகிறார்கள்.