நிற்காத சரம்

இனி வருவதெல்லாம் சத்தியம். ஒரு புள்ளி பொய்யானாலும் சொல்கிற நாக்கு சாக்பீஸாகட்டும்.

பிடித்தால் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு உடும்பு என்றே பெயர். அவள் எழுதிய மென்பொருள் ஆண்டுப் போட்டிக்குப் போயிருந்தது. போட்டியில் ஓர் எழுத்துச் சரமும் அதை மாற்றும் விதியும் கொடுப்பார்கள். விதிப்படி மாற்றிக்கொண்டே போனால், மாற்ற ஏதுமில்லாமல் என்றைக்காவது நிற்குமா, நிற்காதா? அறுபது நொடியில் மென்பொருள் பதில் சொல்ல வேண்டும். ‘தெரியாது’ என்றால் பாதகமில்லை. தப்பாகச் சொன்னால் ஆயுளுக்கும் தடை.

ஐந்தாவது கணக்கில்தான் வந்தது வினை. ‘கம’ எங்கே வந்தாலும் ‘மமகக’ என்று மாற்ற வேண்டும். தொடக்கச் சரம் ‘கமம’. ஏழு மென்பொருள்கள் ‘நிற்கும்’ என்றன. உடும்பினுடையது மட்டும் ‘நிற்காது’ என்றது.

நடுவர் அவளுடைய அக்கா புருஷன்.

“வாபஸ் வாங்கிடும்மா. ஏழு பேர் ஒண்ணு சொல்றாங்க, நீ ஒருத்தி வேற சொல்ற. உனக்குத் தடை போட்டா உங்கக்கா எனக்குச் சாப்பாடு போடமாட்டா.”

“பட்டினி கிடங்க மாமா. அந்த ஏழும் ஒரே பழைய நிரலைப் பாத்துக் காப்பியடிச்சது. ஒரே ஆடு ஏழு தடவ கத்துனா மந்தையாயிடுமா?”

சாக்பீஸை எடுத்துப் பலகையில் எழுதினாள். கமம. மமககம. மமகமமகக. கடைசி வரியின் நடுவில் ஒரு வட்டம் போட்டாள்.

“பாருங்க, கிளம்புன அதே கமம உள்ள சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. எப்ப நிக்கும் இது?”

“அடுத்த வரியில நிக்கும்!” என்று மாமா சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு தொடர்ந்தார்.

பலகை தீர்ந்தது. சுவருக்குப் போனார். தாழ்வாரம், படிக்கட்டு, தெரு. வாசலில் நின்ற பேருந்தின் பக்கவாட்டில் எழுதத் தொடங்க, அது கிளம்பிவிட்டது. கூடவே ஓடியபடி எழுதினார். மூன்றாம் நாள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, பின்வாசல் வழியாக எழுதிக்கொண்டே வந்து அதே பலகையில் முட்டினார். உடும்பு நாற்காலியை விட்டு அசையவில்லை.

“நின்னுச்சா மாமா?”

“என் மூச்சுதான் நின்னுச்சு.”

“அப்ப தீர்ப்ப எழுதுங்க.”

நகக்கண் அளவு மிஞ்சிய சாக்பீஸால் ‘நிற்காது’ என்று எழுதினார். ஏழு மென்பொருளுக்கும் தடை. முதல் பரிசு உடும்புக்கு.

ஆனால் அந்த ஆண்டுப் போட்டியில் கலந்துகொண்ட மென்பொருள் மொத்தம் ஒன்றுதான் என்று பதிவேட்டில் இருக்கிறது. என் நாக்கில் ஏனோ சாக்பீஸ் ருசி.