ஆளுக்கு ஒரு இழுப்பு

அயேலே ஒரு சிகரெட்டைக்கூடத் தொட்டதில்லை. கானா நாட்டு அக்ரா கடற்கரையில் மண் அடுப்பு மூட்டி மீனைப் புகைபோட்டே நுரையீரலைப் பாழாக்கிக்கொண்டாள். மூச்சு முட்டும்போது வாயில் வைத்து அழுத்தி இழுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் இன்ஹேலர் கொடுத்தார்கள். வேறு யாருக்கும் தரக்கூடாது என்று நர்ஸ் சொன்னார். சரியான கஞ்சப் பிசினாறி என்று அவரைக் கேலி பேசியபடியே அயேலேயும் தங்கை ஷோர்மேயும் வீடு திரும்பினார்கள்.

கடற்கரையில் கூடவே மீன் புகைபோடும் பெண்களுக்கு, கேட்டவளிடம் இல்லை என்று சொல்லத் தெரியாது. நெருப்பு கேட்டால் நெருப்பு, உப்பு கேட்டால் உப்பு. இன்ஹேலரும் அப்படித்தான் கைமாறியது. இருமியவளெல்லாம் ஒரு இழுப்பு இழுத்தாள். ஷோர்மே வெறும் சளிக்கே இழுத்தாள்.

"மகாராணிக்கு மூக்கு ஒழுகினாலும் மருந்து வேணுமாக்கும். இந்தா, இழுத்துத் தொலை" என்று நீட்டியவள் அயேலேதான்.

ஆகஸ்டில் மத்தி மலைமலையாக வந்து இறங்கியது. விறகோ ஈரம், புகை ஆளை மறைத்தது. அயேலே மீன் தட்டைப் போட்டுவிட்டு மணலில் சரிந்தாள். ஷோர்மே ஓடிவந்து இன்ஹேலரை அவள் வாயில் வைத்து அழுத்தினாள். புஸ்ஸென்று சத்தம் வந்தது. டாக்ஸியிலும் வழிநெடுக அழுத்திக்கொண்டே போனாள். சத்தம் வருகிறதே, பிறகு ஏன் அக்காவின் உதடு வெளுக்கிறது என்று அந்தப் பாவிக்கு விளங்கவேயில்லை.

எத்தனை பேர் இதை இழுத்தீர்கள் என்று நர்ஸ் கேட்டார். ஷோர்மே சொன்னாள்.

"அப்போ மருந்து எப்பவோ தீர்ந்திருக்கும்மா. தீர்ந்த பிறகும் சத்தம் மட்டும் வரும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கடைசியாக மிச்சமிருந்ததை இழுத்தது யார், நான்தானோ என்ற நினைப்பு ஷோர்மேயை விடவில்லை.

அயேலேயின் முகத்தில் மருந்து ஆவியாக வரும் முகமூடியை மாட்டினார்கள். ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னது ஷோர்மே காதிலும் விழுந்தது. கட்டிலோரம் நின்று அழுதவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை.

அயேலே கண்ணைத் திறந்து பார்த்தாள். முகமூடியைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினாள்.

"எனக்கு வேணாம்க்கா. இது உனக்குக்கா, உனக்கு மட்டும்தான்."

ஷோர்மே அதை வாங்கித் திரும்ப மாட்டிவிட்டாள். அயேலே மறுபடியும் கழற்றி நீட்டினாள். ஷோர்மே மறுபடியும் மாட்டினாள். அதற்குப் பிறகு அயேலே கழற்றவில்லை.