ஒரு சாண் எண்ணெய்

பொழுது சாய்ந்தால் தார்ப்பாயம்மா கதவைத் தாழ்போட்டுவிடுவாள். அதற்குப் பிறகு யார் தட்டினாலும் திறக்கமாட்டாள். வேண்டியவர்கள் குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கொல்லைப்பக்கம் சுற்றி வர வேண்டும். லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்துத் தைத்து அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. "கள்ளன் வந்தா அவன்தான் ஏதாவது வச்சிட்டுப் போகணும், இதுக்குப் போய் இவ்வளவு பெரிய தாழ்ப்பாளா" என்று தெருவில் கேலி பேசுவார்கள். அவள் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டது கட்டின புருஷனுக்காக.

புருஷன் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். எதைக் கண்டாலும் விரல் முட்டியால் மூன்று தட்டு தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்கிற வழக்கம் அவருக்கு. டீசல் டேங்க், தண்ணீர்க் குடம், வீட்டுக் கதவு, எதையும் விட்டதில்லை. "முள்ளு பொய் சொல்லும், தகரம் பொய் சொல்லாது" என்பார். அவர் ஓட்டிய வண்டியில் எண்ணெய் காட்டுகிற முள் எப்போதும் பாதியிலேயே நிற்குமாம்.

ஒருமுறை பாரம் ஏற்றிக்கொண்டு பொட்டல் வழியாகப் போனவர் போய்ச் சேரவில்லை. வண்டி நடுப்பாதையில் நின்றிருந்தது. ஆளைக் காணோம். வண்டியில் இருக்க வேண்டிய ஒரு காலி கேனையும் காணோம். விசாரித்த அதிகாரி வீட்டுக்கே வந்து, பெருவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார்.

"டேங்க்ல குச்சி விட்டுப் பார்த்தோம்மா. இவ்வளவு எண்ணெய் இருந்துச்சு. எழுபது லிட்டருக்குக் குறையாது. வண்டி தீர்ந்துபோய் நிக்கல. அவராத்தான் இறங்கிப் போயிருக்காரு."

ஓடிப்போனவர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒருத்தி அவருக்கு இரண்டாவது பெண்டாட்டி கட்டிவைத்தாள், இன்னொருத்தி பிள்ளையும் பெற்றுக்கொடுத்தாள். தார்ப்பாயம்மா முதலில் சண்டைக்குப் போனாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். ஒரு சாண் எண்ணெய் இருக்கிற வண்டியை விட்டு ஒரு டிரைவர் எதற்காக இறங்கி நடப்பான்? அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அவளும் நம்பிவிட்டாள்.

அடுத்த வருஷம், வெளிச்சம் மங்குகிற நேரத்தில், கதவு மூன்று முறை தட்டப்பட்டது. தட்டிய விதமே யாரென்று சொல்லிவிட்டது. அவளுக்கு உள்ளங்கால் சில்லிட்டது. அதைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "எந்த முகத்தை வச்சிக்கிட்டு வந்த? வந்த வழியே போ" என்று உள்ளிருந்தே கத்தினாள். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தபோது வாசலில் யாருமில்லை. அதன்பின் தினமும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது அந்தத் தட்டல் வந்தது. உயிரோடு வருகிறாரா செத்து வருகிறாரா என்று அவள் பார்க்கவில்லை. நிற்கட்டும், நான் நின்ற மாதிரி அவரும் நிற்கட்டும் என்று தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

வீட்டை ஒட்டிக் கொழுந்தனின் பட்டறை. பல வருஷம் கழித்து, ராணுவக் கிடங்கில் துருப்பிடித்து நின்ற லாரிகளை ஏலம் விட்டபோது ஒன்றை எடுத்துவந்தான், பழுதான வண்டிகளைத் தூக்குகிற கிரேன் செய்வதற்கு. பின்பக்கப் பலகைகளை முதல் வேலையாகக் கழற்றிப் போட்டான். டிரைவர் சீட்டைப் புதிதாகத் தைத்துத் தரும்படி அண்ணியிடம் கொடுத்தான். மேலே கிடந்த உறையை அவள் கிழித்தாள். அடியில் இன்னொரு உறை இருந்தது. அதன் முடிச்சுகளெல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தன. அப்படி முடிச்சுப் போடுகிற இடக்கைக்காரி அந்த ஊரில் ஒருத்திதான். முதுகு வலிக்கிறது என்று புருஷன் வீட்டுக்குத் தூக்கிவந்த சீட்டுக்கு அவள் போட்டுக்கொடுத்த தையல் அது.

அன்று மாலை கதவு தட்டப்படவில்லை. முற்றத்தில் நின்ற லாரியின் டேங்க்கிலிருந்து வந்தது சத்தம். டொக், டொக், டொக்.

"வெயில் தாழ்ந்தா தகரம் சுருங்கும் அண்ணி. அதான்" என்றான் கொழுந்தன். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

டேங்க்கில் பாதிக்கு மேல் டீசல் ஊற்றி இரண்டு நாள் ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்தான். மூன்றாம் நாள் காலை, பட்டறை வாசலுக்கு வந்ததும் இருமி இருமி நின்றுவிட்டது. குச்சி விட்டுப் பார்த்தால் எண்ணெய் இருக்கிறது.

"சட்டியில இருந்தா அகப்பையில வரும்னு சொல்லுவாங்க. இங்க சட்டியில இருக்கு, அகப்பைதான் எட்டல போல" என்று முனகிக்கொண்டே, டேங்க்கிலிருந்து எஞ்சினுக்கு எண்ணெய் இழுக்கிற உறிஞ்சுகுழாயை மேலிருந்து கழற்றி உருவினான். குழாய் பாதிதான் வந்தது. ஒட்டுப்போட்ட இடத்தில் முறிந்திருந்தது. முறிந்த விளிம்பு கறுத்துப் பிசினேறிக் கிடந்தது, பல வருஷத்து முறிவு. இழுத்துவந்து கிடங்கில் நிறுத்தியவர்கள் அதன்பின் அந்த வண்டியைக் கிளப்பிப் பார்க்கவே இல்லை.

தார்ப்பாயம்மா அந்தக் குழாயை வாங்கி டேங்க்கின் வெளிப்பக்கம் வைத்துப் பிடித்தாள். குழாய் முனைக்கும் டேங்க்கின் அடிக்கும் நடுவே தன் இடக்கையை விரித்தாள். சரியாக ஒரு சாண்.

கொழுந்தன் அந்தக் கையைப் பார்த்தான். அதிகாரி விரல் விரித்தபோது அவனும் அருகில்தான் நின்றிருந்தான்.

"ஏன் தம்பி, அவரு ஹோஸ் விட்டு உறிஞ்சி எடுத்திருக்கலாமே?"

"டேங்க் வாயில வலை வெல்டு பண்ணியிருக்காங்க அண்ணி. டிரைவருங்க எண்ணெய் திருடக்கூடாதுன்னு. குச்சி போகும், ஹோஸ் போகாது."

"மேல இருந்து இப்ப நீ கழட்டினியே?"

"டேங்க்கை மூடியிருந்த பின்பக்கப் பலகை இப்ப இல்ல, அதனால முடிஞ்சுது. பாரம் ஏத்தின வண்டியில ஒத்த ஆளால ஆகாது."

"அப்ப அவரு என்னதான் பண்ணியிருப்பாரு?"

அவன் கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"ஒரு கேன் டீசல் கிடைச்சா போதும். மேல ஊத்தினா மட்டம் ஏறி குழாய்க்கு எட்டிடும், வண்டி கிளம்பிடும். கேனை எடுத்துக்கிட்டு நடப்பான் அண்ணி. எந்த டிரைவரா இருந்தாலும் நடப்பான்."

சொல்லிவிட்டு டயர்மேல் உட்கார்ந்து தேம்பினான். ஓடிப்போனவர் என்று சொன்ன நாளிலிருந்து அண்ணன் என்ற சொல்லையே வாயில் எடுக்காமல் வளர்ந்தவன் அவன். தார்ப்பாயம்மாவுக்கு அழுகை வரவில்லை. அந்தப் பொட்டலில், தலைக்கு மேல் வெயிலும் கையில் காலிக் கேனுமாக அவர் நடப்பது கண்முன்னே தெரிந்தது. எந்த இடத்தில் விழுந்தாரோ. விழுந்தும் நடையை நிறுத்தாமல் வீடுவரை வந்து கதவைத் தட்டியிருக்கிறார். ஒரு கேன் எண்ணெயும் ஒரு வாய்த் தண்ணீரும் கேட்டு வந்த மனுஷனை, மன்னிப்புக் கேட்க வந்ததாக நினைத்து இத்தனை வருஷம் விரட்டியிருக்கிறாள். ஊர் சொன்னதுகூடப் பரவாயில்லை, ஊருக்கு அவர் யாரோ. நான் எப்படி நம்பினேன் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

அன்று பொழுது சாய்வதற்கு முன்பே, பட்டறையிலிருந்து ஒரு கேன் நிறைய டீசல் பிடித்துவந்து வாசலில் வைத்தாள். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். கதவை அகலத் திறந்து, நிலைக்கு நேரே உட்கார்ந்துகொண்டாள்.

"குளிர்காத்து வருது அண்ணி, உள்ள வாங்க" என்றான் கொழுந்தன்.

"இருப்பா. வர்ற நேரம்தான்."

வெளிச்சம் மங்கியது. தெரு விளக்குகள் எரிந்தன. லாரி முற்றத்தில் சும்மா நின்றது, தகரம்கூடச் சுருங்கவில்லை. "வாங்க, தாழ் போடல" என்று ஒருமுறை இருட்டைப் பார்த்துச் சொன்னாள். விடிந்தபோது செம்பில் தண்ணீர் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது. கேனிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

மறுநாளும் வைத்தாள். அதற்கு மறுநாளும் வைத்தாள். கொழுந்தன் குழாயை நீளமாக ஒட்டிப் போட்டுவிட்டான். இப்போது அந்த லாரி கடைசி டம்ளர்வரை உறிஞ்சிக் குடித்துவிட்டு ஓடுகிறது. தார்ப்பாயம்மாவின் கதவு மாலையில் திறந்தே கிடக்கிறது. இத்தனை வருஷம் தட்டிய கை, திறந்த கதவை ஒருநாளும் தட்டவில்லை.