அடுப்படிக்குப் போகாத கையெழுத்து

காலை பதினொன்றரை மணிக்குள் இருபத்திரண்டு வீடுகளை முடித்துவிட்டு, இருபத்து மூன்றாவது வீட்டு வாசலில் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான் கேஸ் ஏஜென்சியின் செக்கிங்காரன். தோளில் ஒரு பை. அதற்குள் சோப்புத் தண்ணீர் பாட்டில், ஸ்பேனர், டார்ச் லைட், ஒரு கட்டுப் படிவங்கள். படிவங்களைத் தவிர மற்றவை பையை விட்டு வெளியே வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன.

"அடுப்பெல்லாம் நல்லா எரியுதாம்மா?"

"எரியுதுங்க."

"அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

வேலை முடிந்தது. டியூப் சரி, ரெகுலேட்டர் சரி, அடுப்பு சரி, சிலிண்டர் வைத்திருக்கும் இடம் சரி, காற்றோட்டம் சரி. ஐந்து கட்டங்களில் ஐந்து டிக். ஏஜென்சியில் இதற்கு 'ஹால் செக்கிங்' என்று பெயரே உண்டு. அன்றைய பட்டியலை மதியச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுவதால் அவனுக்கு 'மின்னல்' என்று பட்டப்பெயர். பட்டம் கொடுத்தவர் மேனேஜர்தான் என்பதால் அவனுக்கு அதில் பெருமையும் உண்டு. வீட்டுக்காரர்களுக்கும் இது வசதியாகவே இருந்தது. ஆள் உள்ளே வந்தால் அடுப்படி கிடக்கிற கிடப்பு தெரிந்துவிடுமே. இரண்டு பக்கமும் சம்மதித்துச் செய்கிற தப்புக்கு ஆயுசு கெட்டி.

இருபத்து நான்காவது வீடு அவனுடைய அக்கா வீடு.

அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா போய்விட்டாள். அப்பாவுக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அக்காவுக்கு அப்போது பதினான்கு வயது. கரண்டி அவள் கைக்கு வந்தது. சமைக்கிற நேரத்தில் தம்பி அடுப்புப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்று, பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து வந்த சாக்பீஸால் அடுப்படி வாசலில் ஒரு கோடு போட்டு வைப்பாள். "இதைத் தாண்டினா உன்கூட அக்கா பேசவே மாட்டேன்" என்பாள். அவன் அந்தக் கோட்டை ஒட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலால் அதைத் தொட்டும் தொடாமலும், சமையல் முடியும்வரை அவளிடம் கதை அளந்துகொண்டிருப்பான். ஒரு நாளும் தாண்டியதில்லை. அவளுடைய கல்யாணத்துக்குப் பிறகும், அவனுக்கே தலை நரைக்கத் தொடங்கிய பிறகும், அக்கா வீட்டில் அவன் உட்காருகிற இடம் ஹால் நாற்காலிதான்.

அன்றும் அங்கேதான் உட்கார்ந்தான். எதிரே மாமா, அக்காவின் வீட்டுக்காரர், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அதே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா வேலை அக்காவுக்கு. காலை நடை முடித்து வந்து, மதியச் சமையலைப் பார்த்துவிட்டு, மாலை நடைக்குச் சேர்ந்தே கிளம்புவார்கள்.

அக்கா டீயைக் கொண்டு வந்து கொடுத்தாள். "டேய், அடுப்புக்குப் பின்னால டியூப் வளையுது பாரு, அந்த இடத்துல வெடிச்ச மாதிரி இருக்கு. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

"கேஸ் வாசனை எதாவது வருதாக்கா?"

"எனக்கு எங்கடா வாசனை தெரியுது? அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து மூக்கு செத்துப்போச்சு. கிழங்கு அடிப்பிடிச்சாலும் உங்க மாமா வந்து சொன்னாதான் தெரியுது."

மாமா பேப்பரை இறக்கினார். "கண்ணாடி நிக்கறதுக்காவது அந்த மூக்கு உதவுதேன்னு சந்தோஷப்பட்டுக்கோ."

மூன்று பேரும் சிரித்தார்கள். அக்காதான் அதிகம் சிரித்தாள். சிரித்து முடித்ததும் மறுபடி, "டியூபு?" என்றாள்.

"நான்தான் கோட்டைத் தாண்டாத பையனாச்சே" என்றான் மின்னல். "அடுத்த வாரம் புது டியூபே எடுத்துட்டு வந்து மாட்டி விடறேன். போதுமா? இப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடு."

ஐந்து டிக்குகளையும் அவன் ஏற்கெனவே போட்டிருந்தான். பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு அவள் கையெழுத்துப் போட்டாள். படிவத்தின் ஓரத்தில் அவளுடைய கட்டைவிரல் ஈரம் வட்டமாகப் பதிந்தது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போதும், "மறந்துடாதடா, டியூபு" என்றாள். "மறப்பேனாக்கா" என்று வண்டியைக் கிளப்பினான்.

டார்ச் பையில்தான் இருந்தது. சோப்புத் தண்ணீரும் இருந்தது. எட்டு அடி நடந்திருந்தால் போதும். அந்த டியூபின் மேல் அச்சடித்திருந்த காலாவதி வருடம் கடந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அடுப்பின் சூடு பட்டுப் பட்டு, வளைந்த இடத்தில் ரப்பர் காய்ந்து வரிவரியாகப் பிளந்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்திருக்கும். இரண்டு நிமிட வேலை.

அடுத்த வாரம் வந்தது. அவன் வரவில்லை. புதுப் பட்டியல் நீளமாக இருந்தது.

பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு அக்கா டீ போட்டாள். அடுப்பின் குமிழை மூடினாள். சிலிண்டர் தலையில் இருக்கிற ரெகுலேட்டரை மூடவில்லை. அந்தத் தெருவில் யாருமே மூடுவதில்லை, மூடச் சொல்லி யாரும் உள்ளே வந்து சொன்னதும் இல்லை. ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு இருவரும் வேனுக்குப் போனார்கள். பூட்டிய வீட்டுக்குள், அன்று காலைதான் முழுதாகப் பிளந்த டியூப் வழியாக மூன்று மணி நேரம் கேஸ் கசிந்தது. அது காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தரையாகத் தேங்கிக் கிடந்தது.

ஒன்பதேகாலுக்கு மாமா அவளை வாசலில் இறக்கிவிட்டு, வேனை நிறுத்தத் தெருமுனைக்குப் போனார். அவள் கதவைத் திறந்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த நாற்றத்துக்கு நிலைப்படியிலேயே பின்வாங்கியிருப்பார்கள். அந்த நாற்றத்தைக் கேஸில் கலப்பதே அதற்காகத்தான். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. செருப்பை ஓரமாக விட்டாள். பையை மாட்டினாள். ஜன்னல் சாத்தியிருந்ததால் அடுப்படி இருட்டாக இருந்தது. சுவிட்சைப் போட்டாள்.

தெருமுனையில் வேன் கதவைச் சாத்திக்கொண்டிருந்த மாமாவுக்குச் சத்தம் கேட்டது. தன் வீடு என்று அவருக்கு முதலில் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய முகத்தில் கண்களும் வாயும் மட்டும்தான் கட்டுக்கு வெளியே இருந்தன. மூன்றாம் நாள் ஏஜென்சியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். கையில் அந்தப் படிவம். ஓரத்தில் காய்ந்துபோன கட்டைவிரல் வட்டம். மாமா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். மின்னல் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தான்.

"விபத்துக்குப் பத்து நாள் முன்னாடி செக்கிங் நடந்திருக்கும்மா. எல்லாம் சரின்னு எழுதியிருக்கு. வந்தவர் டியூபைப் பாத்தாரா?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு மூன்று வயதிலிருந்து தெரிந்த பார்வை அது. அவன் விழுந்து எழுந்தால், எங்கே அடிபட்டிருக்கிறது என்று தேடுகிற பார்வை.

"பாத்தான் சார்" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது. "பழசாயிடுச்சு, உடனே மாத்துன்னு சொன்னான். மாத்திடறேன்னு நான் சொன்னதை நம்பித்தான் அப்படி எழுதினான். நான்தான் நாளைக்கு நாளைக்குன்னு விட்டுட்டேன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மின்னலுக்கு முழுதாக ஐந்து நிமிடம் இருந்தது. அவன் சொல்லவில்லை. வேலை போய்விடும், வழக்கு வரும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். எல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவன் மனதில் வந்து வரிசையாக நின்றன. அக்கா மட்டும் அந்த வரிசையில் கடைசியில் நின்றாள்.

அதிகாரி போன பிறகு அவளருகில் குனிந்தான். "ஏன்க்கா இப்படிச் சொன்னே?"

"நான் போட்ட கோடுதானேடா" என்றாள். "நான்தான் உன்னை உள்ள வராதேன்னு வளத்தேன். அதை அழிச்சாச்சு. இனிமே எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ள போய்ப் பாரு."

ஐந்தாம் நாள் விடியற்காலையில் அவள் போய்ச் சேர்ந்தாள்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். மின்னலுக்கு அதுவும் உடனே வரவில்லை. விசாரணை அறிக்கை வந்தது. 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்று ஒரே வரி. அவன் வேலைக்கு ஒரு குறையும் இல்லை. மேனேஜர் தோளில் தட்டிக் கொடுத்து, "நல்லவேளை, உன் பேப்பர் சரியா இருந்துச்சு" என்றார். அன்று முழுக்க அவனால் சாப்பிட முடியவில்லை.

மறுநாள் மாமாவைப் பார்க்கப் போனான். மாமா தன் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். துக்கம் கேட்க அக்கம்பக்கத்தார் நான்கைந்து பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் மாமா அந்த அறிக்கையைக் காட்டிப் புலம்பிக்கொண்டிருந்தார்.

"தம்பிகாரன் வந்து படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கான். பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த எனக்குச் சரியா கேக்கல, கிளம்பறப்ப வாசல்ல வெச்சுச் சொல்லியிருக்கான் போல. அவ காதுல வாங்கலையே, பாவி. சொந்த உயிர்மேல அவ்வளவு அலட்சியமா ஒருத்திக்கு?"

வந்தவர்களில் ஒருவர், "சில பொம்பளைங்க அப்படித்தான், எதையும் கண்டுக்க மாட்டாங்க" என்றார்.

பதினான்கு வயதிலிருந்து ஒரு வீட்டைத் தலையில் தூக்கிச் சுமந்தவளை, கண்டுகொள்ளாதவள் என்று ஊர் சொன்னது. மின்னல் அதை நின்று கேட்டான். வேலையும் வழக்கும் பிள்ளைகளும் மறுபடி வரிசையில் வந்து நின்றன. இந்த முறை அவன் அவற்றைப் பார்க்கவில்லை.

"மாமா, அவ அலட்சியமா இல்ல" என்றான். "நான் டியூபைப் பாக்கவே இல்ல. உங்க எதிர்ல டீ குடிச்சுக்கிட்டே டிக் போட்டேன். என்னைக் காப்பாத்தத்தான் அக்கா பொய் சொன்னா. நான் பக்கத்துலயே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்."

மாமா அறிக்கையை மெதுவாக மடித்தார். அடிப்பார் என்று மின்னல் எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அன்னிக்கு எத்தனை தடவ உன்னைக் கூப்பிட்டா?"

"மூணு தடவ மாமா. கடைசியா வாசல்ல வெச்சு."

மாமா மடித்த அறிக்கையைத் தரையில் வைத்தார். "எனக்கு நல்ல மூக்கு இருக்குடா. நானும் ஒரு நாள் அடுப்படிக்குப் போய் மோந்து பாத்ததில்ல. வாசனை தெரியலைன்னு அவ சொன்னப்ப டாக்டர்கிட்ட கூட்டிப் போகாம, கேலி பண்ணிச் சிரிச்சேன். அந்த வீட்டுல அடுப்படின்னா அவ ஒருத்தியோட இடம்னு ரெண்டு பேருமே விட்டுட்டோம்" என்றார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அன்றைக்கே மின்னல் ஏஜென்சிக்கு நடந்ததை எழுதிக் கொடுத்தான். அறிக்கையிலிருந்து அந்த வரியை நீக்கினார்கள். அவனை ஆறு மாதம் வேலையை விட்டு நிறுத்தி வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. திரும்பி வந்தபோது பழைய பட்டப்பெயரால் யாரும் அழைக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டு வீடுதான் முடிக்கிறான். மேனேஜர் முகம் சுளிக்கிறார்.

வந்த முதல் நாள், முதல் வீட்டில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து, கையைப் பேனாவுக்கு நீட்டினாள்.

"அடுப்பு நல்லாத்தான் எரியுதுங்க. உள்ள ஒரே அலங்கோலமா கிடக்கு. இங்கயே கையெழுத்துப் போட்டுடறேனே?"

அவன் செருப்பைக் கழற்றினான். பையிலிருந்து டார்ச்சையும் சோப்புத் தண்ணீரையும் எடுத்தான்.

"கையெழுத்து கடைசியிலம்மா. மொதல்ல டியூபைப் பாக்கணும். வெளியில போறப்பவும் தூங்கப் போறப்பவும் ரெகுலேட்டரை மூடறீங்களான்னு தெரியணும். இந்த வீட்டுல யாருக்காவது வாசனை தெரியாதான்னும் கேக்கணும்."

"என்னங்க, இதுவரைக்கும் வந்தவங்க யாரும் இவ்வளவு பாத்ததில்லையே?"

"நானும் பாத்ததில்லம்மா. எங்க அக்கா வீட்டுல ஹால்ல உக்காந்துக்கிட்டு எல்லாம் சரின்னு எழுதினவன் நான். இப்ப அக்கா இல்ல." டார்ச்சை அழுத்தி எரிகிறதா என்று பார்த்தான். "பாக்காமப் போட்ட கையெழுத்தும் பத்த வெச்ச தீக்குச்சியும் ஒண்ணுதாம்மா. கொஞ்சம் வழி விடுங்க."

அவள் கதவை முழுதாகத் திறந்தாள். அடுப்படி வாசலில் ஒரு கணம் நின்று, தரையைப் பார்த்துவிட்டு, அவன் உள்ளே போனான்.