டிரைவர் சீட்

எனக்குக் கையை விட வாய் முந்திக்கொள்ளும். ஓப்பநாயக்க சந்தியில் கார் வயரிங் வேலை பார்க்கும் என் கராஜுக்கு, 2006 மே மாதம் ஒரு புதன்கிழமை தேயிலைத் தோட்டத்து மேனேஜர் துரையின் கார் வந்தபோதும் அதுதான் நடந்தது.

ஓட்டி வந்தவர் இருளப்பண்ணன். ஒன்பது வருடமாகத் துரையின் டிரைவர். ஆள் குள்ளம், துரையோ ஆறடிக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை தானே ஓட்டுவதற்காகத் துரை சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளியிருக்கிறார். அதன்பிறகு எந்த ஸ்விட்சை அமுக்கினாலும் அது அசையவில்லை. முன்னால் வராது, மேலே எழும்பாது, சாயவும் சாயாது. இருளப்பண்ணன் முதுகுக்கு இரண்டு தலையணையை முட்டுக்கொடுத்து, கால்விரல் நுனியால் பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டை முழுக்க வியர்வை.

பின்னால் இருந்து இறங்கிய துரை, "மொகத பாஸ், வதுர கிஹில்லாத?" என்றார். என்ன மெக்கானிக், உள்ளே தண்ணீர் போய்விட்டதா என்று கேட்கிறார். நான் இன்னும் கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே பைப்பைப் பிடித்துக் கழுவினால் இப்படித்தான் ஆகும் என்று சிங்களத்திலேயே அடித்துவிட்டேன்.

துரையின் முகம் மாறியது. தண்ணீர்தான் காரணம் என்றால் நாளையில் இருந்து கார் சாவியைத் தொடாதே, மலைக்குப் போய்த் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டு என்று இருளப்பண்ணனிடம் சொன்னார். மூன்று மணிக்கு வருகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, காத்திருந்த ஜீப்பில் ஏறிப் போனார்.

"ஏன் தம்பி அப்புடிச் சொன்னீங்க? நான் ஈரத்துணி போட்டுத்தானே தொடைக்கிறேன்."

"பாத்துட்டுச் சொல்றேண்ணே, சும்மா இருங்க" என்று எரிந்து விழுந்தேன். பார்க்காமலே சொன்னது நான்தான். அது உறைத்ததால் வந்த கோபம் அது.

அவரால் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனார், வந்தார், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு மலை ஏற முடியுங்களா தம்பி? மூணு புள்ளைங்களும் படிக்குதுங்க" என்றார். அவர் நடக்க நடக்க எனக்கும் அவசரம் தொற்றிக்கொண்டது.

பியூஸ் நன்றாக இருந்தது. டெஸ்ட் லேம்பின் கிளிப்பைக் காரின் இரும்பில் மாட்டிவிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கனெக்டரில் கரண்ட் வரும் வயரைத் தொட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. கரண்ட் வருகிறது, ஆகவே மோட்டர்தான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். ஒரே நாளில் சீட்டின் மூன்று மோட்டரும் சாகுமா என்று யோசிக்கும் பொறுமை எனக்கு ஏது?

சீட்டைக் கழற்றலாம் என்றால், அது பின்னால் போய் நின்றதில் பின்பக்கத்து போல்ட்டுகள் மறைந்துவிட்டன. வேறு வழியில்லாமல் பேட்டரியில் இருந்து இரண்டு வயரை இழுத்து நேராக மோட்டருக்கே கொடுத்தேன். சீட் சமர்த்தாக முன்னால் நகர்ந்து வந்தது. மோட்டருக்கு ஒன்றுமில்லை. மிச்சம் இருப்பது கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒன்றுதான். கிளிப்பைக் காரின் இரும்பில் இருந்து எடுத்து, கனெக்டரின் எர்த் வயரில் மாட்டினேன். இந்தத் தடவை டெஸ்ட் லேம்ப் எரியவே இல்லை.

அந்தக் கறுப்பு வயரைத் தொடர்ந்து போய்ப் பின்பக்கத்துக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். தரையில் வயரைப் பூட்டியிருந்த போல்ட் முழுக்கப் பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. அதை ஒட்டி, கறுத்துச் சுருங்கிய எலுமிச்சம்பழம் ஒன்று. அதைச் சுற்றிச் சிவப்பு வயர்.

அது என்னுடைய பழம். ஆயுத பூசை அன்று கராஜுக்கு வரும் வண்டிகளுக்கெல்லாம் குங்குமம் தடவிய பழம் ஒன்றை டிரைவர் சீட்டுக்கு அடியில் வைப்பேன். மற்றவர்கள் நூல் சுற்றுவார்கள். இது சுரேந்திரன் கராஜ் பழம் என்று தெரியட்டும் என்று நான் சிவப்பு வயர் சுற்றுவேன். பெருமைதான், வேறென்ன! அந்தப் பழத்தின் சாறு கசிந்து இறங்கித்தான் எர்த்தைத் தின்றிருக்கிறது.

இருளப்பண்ணன் குனிந்து பார்த்தார். "அது ரெண்டு வாட்டி உருண்டு வந்துச்சு தம்பி. சாமிக்கு வச்சத வெளிய வீச மனசு வரல. நான்தான் உள்ளுக்குத் தள்ளி விட்டேன்." தப்பு தன்னுடையது என்பதைப் போலச் சொன்னார்.

பழத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "தொரைகிட்ட நான் பேசிக்கிறேண்ணே. நீங்க ஒன்னும் சொல்லாதீங்க" என்றேன். போல்ட்டைச் சுரண்டி, வயருக்குப் புதுமுனை போட்டு இறுக்கினேன். ஸ்விட்சை அமுக்கியதும் எல்லாம் வேலை செய்தது.

மூன்று மணிக்குத் துரை வந்து, சீட்டை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, "ஹொந்தாய்", நன்றாயிருக்கிறது என்றார். பிறகு, "வதுர, நே?" என்றார். தண்ணீர்தானே என்கிறார். வாசலில் லொறிக்காரர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். துரையின் காரைப் பழுதாக்கியதே நான்தான் என்று அவர்கள் எதிரில் எப்படிச் சொல்வது? மற்ற நேரமெல்லாம் முந்திக்கொள்ளும் வாய் அப்போது ஒட்டிக்கொண்டது. தலையை ஆட்டினேன்.

இருளப்பண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று சற்று நேரம் நின்றார். பிறகு துரைக்குக் கதவைத் திறந்துவிடப் போனார்.

மறுநாள் காலையில் எந்த வேலையிலும் கை ஓடவில்லை. எடுத்த பிளையரை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வந்த வாடிக்கைக்காரரிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன். ஒன்பது மணிக்குக் கராஜைப் பூட்டிவிட்டு ஒரு த்ரீவீலரைப் பிடித்துத் தோட்டத்து ஆபீசுக்கே போனேன். துரையின் மேசையில் பழத்தை வைத்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

துரைக்குக் கோபம் வரவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். கிளார்க் ஐயாவைக் கூப்பிட்டுச் சிவப்பு வயரைக் காட்டிச் சிரித்தார். பரவாயில்லை பாஸ், சாமி காரியம்தானே என்று என் தோளில் தட்டினார்.

"அப்ப இருளப்பன்?" என்றேன்.

அது நேற்றே முடிந்துவிட்டது, அவன் மலைக்குப் போய்விட்டான், காலையில் கொடகவெலயில் இருந்து புது ஆள் வந்தாயிற்று என்றார் துரை. "நேற்று இங்கிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் திட்டினேன், பாஸ். தண்ணீர் அடித்தாயா என்று அத்தனை தடவை கேட்டேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் விட்டிருப்பேன்."

ஒன்றும் சொல்லாதீர்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று நான் சொன்னதை அந்த மனிதர் கடைசிவரை நம்பியிருக்கிறார்.

வெளியே வந்தேன். வாசலில் அந்தக் கார் நின்றது. புது டிரைவர் உள்ளே உட்கார்ந்து, தன் கால் நீளத்துக்குத் தோதாக ஸ்விட்சை அமுக்கினார். சீட் எங்கும் சிக்காமல், சத்தமே இல்லாமல் பின்னால் போனது.