தறிக்குழிக்குள் வந்த கடல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், இளம்பிள்ளை நெசவாளி சென்னிமலையின் தறிக்குழிக்குள் கடல் வந்தது. நெய்கிறவன் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிக்கும் அந்தக் குழியில் முழங்காலுக்கு மேல் நீலத் தண்ணீர் நின்று அலையடித்தது. நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், உப்பு. அக்கம்பக்கத்துப் பெண்கள் மாவடு ஊறப்போட ஆளுக்கொரு சொம்பு மொண்டுகொண்டு போனார்கள். பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்தவர், கிணற்றுக்குத்தான் சட்டம் இருக்கிறது, கடலுக்கு இல்லை என்று சொல்லி மோர் குடித்துவிட்டுப் போனார். சென்னிமலை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வழக்கம்போல நெய்தான்.

கடல் வந்ததற்குக் காரணம் அவன் மனைவி பூவாத்தாள்தான் என்பதில் ஊருக்குச் சந்தேகமில்லை. பிள்ளைகள் மூவரையும் கப்பலில் கூட்டிப்போக வேண்டும் என்று பொங்கலிலிருந்தே அவள் ஒற்றைக்காலில் நின்றாள். மெட்ராஸில் ஏறி நாகப்பட்டினத்தில் இறங்கினால் ஓர் இரவு முழுக்கக் கடல்மேல் இருக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாகப்பட்டினத்தில் யார் இருக்கிறார்கள், பெண் பார்க்கவா, துக்கம் கேட்கவா என்று விசாரித்தவர்களிடம், சும்மாதான் போகிறோம் என்றாள். சும்மா ஒருவர் கப்பலேறுவதை இளம்பிள்ளை அதுவரை கேள்விப்பட்டதில்லை. புளிச்சோறு கட்டுவதா, எலுமிச்சஞ்சோறு கட்டுவதா என்ற பேச்சிலேயே தை மாதம் பாதி கழிந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

இடைஞ்சல் நடுப்பெண் கந்தம்மாளால் வந்தது. அந்தப் பெண்ணுக்கு பஸ் ஆகாது. சேலம் பஸ் உறுமினாலே போதும், நகர்வதற்குள் வாந்தி எடுத்துவிடுவாள். பஸ்ஸுக்கே இப்படியென்றால் கப்பலில் பிள்ளை செத்துப்போகும் என்று சென்னிமலை பயந்தான். மல்லசமுத்திரத்தில் இருக்கும் தன் அக்காள் அத்தாயி வீட்டில் அவளை விட்டுவிட்டுப் போகலாம் என்றான். கந்தம்மாள் அழவில்லை. கப்பலுக்கென்று தைத்திருந்த தன் புதுப் பாவாடையை எடுத்துத் தங்கைக்குக் கட்டி, நீளமாக இருந்ததை இடுப்பில் மடித்துவிட்டாள். அதைப் பார்த்த பூவாத்தாள், போனால் மூன்று பேரும், இல்லாவிட்டால் ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். விடிந்ததும் குழியில் கடல் இருந்தது.

அது எதற்காக வந்திருக்கிறது என்று பூவாத்தாளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறியின் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சும் அண்டாவைக் கழுவி, குழியில் மிதக்கவிட்டு, கந்தம்மாளை அதில் உட்காரவைத்தாள். ஆனால் அண்டா இறங்கினால் சென்னிமலைக்கு மிதிக்கக் கால் வைக்க இடமில்லை. பாதிச் சேலையைத் தறியில் விட்டுவிட்டு வெளியூர் போவது நெசவுக் குடும்பத்தில் வழக்கமில்லை. பெண் ஆட்டத்துக்குப் பழகினால் சேலை முடியாது, சேலை முடிய வேண்டுமென்றால் பெண் பழக முடியாது. சென்னிமலை தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்போது அலை வந்து ஒரு மிதிகட்டையை அழுத்திற்று, திரும்பிப் போகையில் மற்றதை அழுத்திற்று. அவன் மேலே உட்கார்ந்து ஊடைநூல் ஓடும் நாடாவை மட்டும் கையால் தள்ளினான். பெண் கீழே ஆடினாள், சேலை வளர்ந்தது. முதலில் சில நாள் குடித்த கஞ்சியெல்லாம் வெளியே வந்தது. பிறகு பாதி தங்கியது. பங்குனி பிறந்தபோது, ஆடுகிற அண்டாவுக்குள் உட்கார்ந்து தயிர்ச்சோற்றை வழித்துத் தின்று விரலை நக்கினாள். பாவாடை தங்கையிடமிருந்து திரும்பி வந்தது. சேலையும் முடிந்தது. சற்று உப்புக் கரித்தது என்றாலும் வியாபாரி குறை சொல்லவில்லை.

புறப்படுகிற நாளில் மூட்டை முடிச்சுகளோடு பஸ் ஏறினார்கள். டிரைவர் வண்டியை உறுமவிட்டதும் கந்தம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். கடலுக்குப் பழக்கியவர்கள் பஸ்ஸை மறந்துபோயிருந்தார்கள். கந்தம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் அத்தையூட்டுக்கே போறனுங்கப்பா. நீங்கெல்லாம் போயிட்டு வாங்க."

சென்னிமலை அவள் கையைப் பிடித்து இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான்.

"வாந்தி வந்தா என் வேட்டியில எடு சாமி. உன்னைய உட்டுப்போட்டு நான் எந்தக் கப்பலுக்கும் போகமாட்டேன்."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, கடல் தறிக்குழியை விட்டு எழுந்து, வாசல் தாண்டி, வீதி திரும்பி வந்து பஸ்ஸை அடியிலிருந்து தூக்கிக்கொண்டது. டயர் தரையில் படாமல் வண்டி மெல்ல ஆடியபடி சேலம் ரோட்டில் போயிற்று. கந்தம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள். பூவாத்தாள் அழுதுகொண்டே புளிச்சோற்றைப் பிரித்தாள். அழுகை சிரிப்பில் போய் முடிந்தது. பஸ் முழுக்க ஆளுக்கொரு வாய் கிடைத்தது. கண்டக்டர் கையைத் துடைத்துக்கொண்டு டிக்கெட் கிழித்தார்.

சேலத்துக்கு பஸ் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டது. ஏன் என்று ஸ்டாண்டில் நேரம் குறிப்பவர் கேட்டார்.

"ரோட்டுல கடலுங்க," என்றார் கண்டக்டர்.

நேரம் குறிப்பவர் அப்படியே குறித்துக்கொண்டு, திரும்பும்போதும் அது இருக்குமா என்று கேட்டார்.